மேல் வலது மூலை

அந்த டப்பாவை மட்டும் நகர்த்த வேண்டாம். பையை நகர்த்துங்கள், டிபன் பாக்ஸைக் கீழே வையுங்கள், ஆட்சேபமில்லை. டப்பா என் மடியில்தான் இருக்கும். இல்லை, பிஸ்கட் இல்லை. மூடியில்தான் பிஸ்கட் படம். உள்ளே இருப்பவை நாற்பத்து மூன்று வாக்குச்சீட்டுகள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கள் தலைமையாசிரியரும் முதலில் சிரித்தார். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு வகுப்புத் தலைவர் தேர்தல் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். போன வெள்ளிக்கிழமை மாவட்டக் கல்வி அலுவலரிடமிருந்து கடிதம் வந்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இன்று பதினோரு மணிக்குக் கோவில்பட்டியில் நான் நேரில் விளக்கம் தர வேண்டும். மணி என்ன? ஒன்பது ஐம்பதா? இந்த வண்டி விளாத்திகுளத்திலிருந்தே நடந்துதான் வருகிறது.

விளக்கம் ஏற்கப்பட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஏற்கப்படாவிட்டால் என் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறும். பதினெட்டு ஆண்டுகளாகக் குறையாக ஒரு வரியும் ஏறாத பதிவேடு அது. அந்த வரியைத் தடுக்கக்கூடிய ஒரே பொருள் இந்த டப்பா. அதனால்தான் சொல்கிறேன், நகர்த்த வேண்டாம்.

என் பெயர் செண்பகவல்லி. சமூக அறிவியல் ஆசிரியை. அரசியல் அறிவியலில் முதுகலை, அதற்கு மேல் ஓர் ஆய்வுப் பட்டம். இப்படித்தான் பேசுவேன், வகுப்பறையில் பழகிய நாக்கு, பேருந்துக்காக மாற்றிக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகள் எனக்கு 'அரசாணை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தாழ்வாரத்தில் திரும்பினால் 'ஏட்டி, அரசாணை வருது' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். யார் குரல் என்று எனக்குத் தெரியும். காளீஸ்வரி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

நீங்கள் தீப்பெட்டி ஆபீசிலா வேலை செய்கிறீர்கள்? விரல்களைப் பார்த்தேன். ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை, பயணச்சீட்டை எட்டாக மடித்துவிட்டீர்கள். மடியுங்கள். எனக்கும் இன்று கை சும்மா இருக்க மறுக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் தேர்தல் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. மற்ற ஆசிரியர்கள் அதை இரண்டு பாடவேளையில் வாசித்து முடித்து, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதாது. இந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலைப் பற்றி நான் நான்கு நாள் பேசினேன். வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் படிப்பும் உள்ளவனுக்குத்தான் வாக்கு; மற்றவர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்றான். அதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் கையில் ஒரே நாளில் வாக்கைக் கொடுத்தோம், உலகமே வேடிக்கை பார்த்தது என்றேன். பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டார்கள். நான் நன்றாகப் பாடம் நடத்துவேன். அதில் எனக்குப் பொய்யடக்கம் கிடையாது.

அந்தத் தேர்தலில் இலட்சக்கணக்கான பெண்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், தெரியுமா? பெரும்பாலும் வடக்கே. பெயரைக் கேட்டால் 'இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள்' என்று மட்டும் சொன்ன பெண்கள். தன் பெயரைச் சொல்லாததால் வாக்கு போயிற்று. 'பெயரை எழுதுங்கள். எங்கேயும் எழுதுங்கள். பெயரை மறைப்பவள் குடிமகள் ஆக முடியாது' என்று சொன்னேன். நல்ல வாக்கியம். இப்போது பார்த்தால், அது அந்த வாரம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இல்லை.

ஏனென்றால் மறு வாரம் தேர்தல் வைத்தேன். வழக்கமாக வகுப்புத் தலைவரை ஆசிரியர்தான் நியமிப்பார். மாதம் ஒரு முறை தலைமையாசிரியர் அறைக்குப் போய் வகுப்பின் குறைகளைச் சொல்ல வேண்டியவர் அந்தத் தலைவர். நான் நியமனம் வேண்டாம், வாக்கெடுப்பு என்றேன். தலைமையாசிரியர், 'உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை' என்றார். மூன்று பொதுத்தேர்தல்களில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவள். விரலில் மை வைப்பது முதல் அரக்கு முத்திரை வரை விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். என்னிடமா இந்தக் கேள்வி?

இரண்டு வேட்பாளர்கள். எண் ஒன்று, அபிநயா. முதல் மதிப்பெண். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'ழ' என்ற எழுத்தின் வாலை நான் சுழிப்பது போலவே சுழிப்பாள். நான் சொல்லித்தான் நின்றாள். எண் இரண்டு, காளீஸ்வரி. அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவளாகவே எழுந்து நின்றாள். அவள் அம்மா விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை செய்கிறாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் எனக்கு எந்தப் பகையும் இல்லை. கேள்வி கேட்கிறாள் என்று ஓர் ஆசிரியை மாணவியை வெறுப்பாளா? ஆனால் கேள்விக்கு ஒரு தரம் வேண்டும். நான் தபால் வாக்கு பற்றி விளக்கிக்கொண்டிருக்கிறேன், தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் தபாலில் வாக்களிக்கலாம் என்று. அவள் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து, 'டீச்சர், நீங்க ட்யூட்டிக்குப் போனீங்கல்லா, உங்க ஓட்டைத் தபால்ல போட்டீங்களா?' என்கிறாள். இது பாடத்துக்குத் தொடர்புடைய கேள்வியா, சொல்லுங்கள்?

நானா? படிவம் வந்தது. மூன்று முறையும் வந்தது. பணிக்குக் கிளம்பும் பரபரப்பில் அனுப்ப விட்டுப்போயிற்று. பீரோவில் இருக்கிறது. நான் ஆயிரக்கணக்கானவர்களை வாக்களிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

எட்டயபுரம் வருகிறதா? இங்கே பத்து நிமிடம் போட்டுவிடுவான். நடத்துநரே, சீக்கிரம் எடுப்பீர்களா? 'எடுத்துருவோம்மா' என்கிறார். இறங்கி டீ குடிக்கப் போகிறார் பாருங்கள்.

தேர்தல் நாள். எல்லாம் முறைப்படி. மறைப்புக்கு வரைபடத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன். இந்த டப்பாவின் மூடியில் நானே கத்தியால் துளை போட்டேன். அச்சிட்ட சீட்டு இல்லை. அதனால் பிள்ளைகளிடம் 'கால் தாள் எடுங்கள்' என்றேன். அவ்வளவுதான். அந்த மூன்று சொற்கள்தான் இன்று என்னை இந்தப் பேருந்தில் உட்கார வைத்திருக்கின்றன.

புரியவில்லையா? எங்கள் பள்ளியில் வாராவாரம் சிறு தேர்வு நடக்கும். முழுத்தாளை நான்காகக் கிழித்து ஒரு துண்டில் எழுதுவார்கள். 'கால் தாள் எடுங்கள்' என்றால் கை தானாகவே மேல் வலது மூலைக்குப் போய்ப் பெயர், வகுப்பு, வரிசை எண், தேதி எழுதிவிடும். எழுதாத தாளுக்கு நான் பூஜ்யம் போடுவேன். ஜூன் மாதத்தில் காளீஸ்வரிக்கே போட்டிருக்கிறேன். போதாததற்கு, பெயரை மறைப்பவள் குடிமகள் இல்லை என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று பேரும் ஒவ்வொருவராக வரைபடத்துக்குப் பின்னால் போனார்கள். ஒன்று அல்லது இரண்டு என்று இரகசியமாக எழுதினார்கள். மடித்துப் போட்டார்கள். நான் டப்பாவைத் திறந்து முதல் சீட்டைப் பிரிக்கிறேன். மேல் வலது மூலையில் பி. சுப்புலெட்சுமி, ஒன்பது 'ஆ', வரிசை எண் முப்பத்தாறு.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நாற்பத்தொரு சீட்டில் பெயர். இரண்டில்தான் இல்லை.

விதி தெளிவானது. வாக்காளரை அடையாளம் காட்டும் எந்தக் குறி இருந்தாலும் அந்த வாக்கு செல்லாது. தேர்தல் செல்லாது என்று அறிவித்து டப்பாவை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வாக்குகளை எண்ணவே இல்லை. அபிநயாவைத் தலைவராக நியமித்தேன்.

மறுதேர்தலா? கேட்டார்கள். ஒரு வாக்குச்சீட்டை எழுதத் தெரியாதவர்களுக்கு மறுதேர்தல் எதற்கு? 'உங்களுக்கு இன்னும் அதற்கான பக்குவம் வரவில்லை' என்றேன். கடைசிப் பெஞ்சிலிருந்து அந்தக் குரல். 'டீச்சர், போன வாரம் போர்டுல எழுதி ரெண்டு கோடு போட்டீங்கல்லா, அது இதுதானா?' நான் கோபப்படவில்லை. காலனி ஆட்சிக்கும் வகுப்பறை நிர்வாகத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பத்து வரியில் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் ஒரே ஒரு வரி எழுதி வந்தாள். 'அவன் போயிட்டான்.' அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அபிநயாவுக்குச் சட்டையில் குத்தும் பேட்ஜைக் கொடுத்தேன். மாலையில் பார்த்தால் அது என் மேசையில், வருகைப் பதிவேட்டின் மேல் கிடக்கிறது. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, 'நான் தோத்துட்டேன்லா டீச்சர்' என்றாள். வாக்கே எண்ணவில்லையே, எப்படித் தோற்றாய் என்றேன். 'எனக்கே நான் போடல, டீச்சர்' என்றாள்.

பாருங்கள், பெயரில்லாத அந்த இரண்டு சீட்டு. வகுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபடுகிறவர்கள் இரண்டே பேர்: அபிநயா, காளீஸ்வரி. இரண்டு சீட்டிலும் எண் இரண்டு. நடத்திய பாடத்தை உண்மையாகவே புரிந்துகொண்டவர்கள் மொத்த வகுப்பில் அந்த இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி கடைசிப் பெஞ்சு.

அதற்குப் பிறகு நடந்ததாகப் பிள்ளைகள் கல்வி அலுவலருக்கு அனுப்பிய மனுவில் எழுதியிருப்பதெல்லாம் மிகை. உட்காரும் வரிசையை மாற்றினேன், உண்மை. ஒவ்வொரு பருவத்திலும் மாற்றுவதுதான். கேள்வி கேட்கும்போது சிலர் அடிக்கடி எழுந்து நிற்க வேண்டியிருந்தது; தற்செயல். நோட்டுத் திருத்தும்போது சிலருடைய நோட்டுகள் கட்டின் அடியில் போய்விடும்; நோட்டுக்கட்டு என்றால் அடி என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்? சுப்புலெட்சுமி என்னோடு பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, நானும் அவளிடம் சாக்பீஸ் எடுத்து வரச் சொல்வதில்லை. இதில் தொடர்பு தேடினால் எதில்தான் தேட முடியாது? இருபத்தேழு பேரும் ஜன்னல் பக்கம் வெயிலில் உட்கார நேர்ந்தது வெறும்...

என்ன? இருபத்தேழு என்று எப்படித் தெரியும் என்றா?

எண்ணவில்லை என்றுதான் சொன்னேன். எண்ணுவது வேறு. கண்ணில் படுவது வேறு. ஒவ்வொரு சீட்டாகப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும்போது கீழே எண் இரண்டு என்று எழுதியதும் கண்ணில் படும். கண்ணை மூடிக்கொண்டா பார்ப்பது?

சரி. வண்டி கிளம்பவில்லை. இன்னும் டீ குடிக்கிறார். மணி பத்தேகால்.

மனுவை வாசிக்கிறேன், நகல் இருக்கிறது. கேளுங்கள். 'ஐயா, நாங்கள் வாக்குச்சீட்டில் பெயர் எழுதியது எங்கள் தவறு. அதற்கு மறுதேர்தல் கேட்டோம், கிடைக்கவில்லை. ஆனால் யார் யாருக்கு வாக்களித்தோம் என்று ஆசிரியைக்குத் தெரிந்த நாளிலிருந்து வகுப்பு மாறிவிட்டது. வாக்கு ஏன் இரகசியமாக இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது எங்களுக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. பெயர் எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டதால் இந்த மனுவில் நாங்கள் பெயர் எழுதவில்லை. இப்படிக்கு, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.'

ஒரு பிழை இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எல்லாம் நான் கற்றுக்கொடுத்த வரிசை. பெயரில்லாத மனுவை அலுவலர் அப்படியே ஓரமாக வைத்திருக்கலாம், வைக்கவில்லை. வாசித்திருப்பார். வாசித்தால் யாரும் ஓரமாக வைக்க மாட்டார்கள். 'வகுப்பு' என்று எழுதும்போது கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறது. 'எழுதவில்லை' என்ற சொல்லில் ழகரத்தின் வால் சுழிந்திருக்கிறது. யார் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அலுவலர் கேட்டால் சொல்வதாகத்தான் இருந்தேன்.

இப்போது என் தரப்பைக் கேளுங்கள். இரண்டே வரி. தேர்தல் செல்லாது என்று அறிவித்தது விதிப்படி. ஆதாரம், இந்த டப்பா. அலுவலர் மேசையில் கவிழ்த்துக் காட்டுவேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், நாற்பத்தொன்றில் பெயர் இருக்கிறது என்பேன். அதோடு முடிந்தது.

மெதுவாகச் சொன்னீர்கள், காதில் விழவில்லை. திரும்பச் சொல்லுங்கள்.

'அப்ப அந்த ஆபீசருக்கும் தெரிஞ்சிரும்லா?'

தெரியத்தானே கொண்டு போகிறேன். அவருக்குத் தெரிந்தால்தான்...

அவர் மேசையில். அவர் பக்கத்தில் எழுத்தர் நிற்பார். தலைமையாசிரியரும் வருகிறார். சுப்புலெட்சுமியின் அப்பா எங்கள் பள்ளியில் இரவுக் காவலர்.

ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

முத்திரையிட்ட வாக்குச்சீட்டுகளை நீதிமன்றம் சொல்லாமல் யாரும் பிரிக்கக் கூடாது. அந்த விதியையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். மூன்று தேர்தலில் இரவெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறேன். சாவடிக்குள் எட்டிப் பார்த்த ஒரு கட்சிக்காரரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் வாக்குக்காகத் தள்ளினேன்.

உங்கள் நகம் நீளமாக இருக்கிறது. இந்த ஒட்டு நாடாவின் முனையைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். என் கையெழுத்து கிழிந்தால் பரவாயில்லை, நான் போட்டதுதானே.

இப்படி வையுங்கள். காற்றில் பறந்துவிடும், ஜன்னலைச் சாத்துங்கள். இதோ, மேல் வலது மூலை. இந்தப் பக்கம் மடித்து, பெயர் முழுவதும் போகும்படி ஒரே இழுப்பு. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், பாதி பாதி. பெயரை வாசிக்க வேண்டாம். நீங்கள் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும்போது லேபிளையா வாசிக்கிறீர்கள்?

பாருங்கள், இந்த முத்துப்பாண்டிகூட எண் இரண்டுக்கு... இல்லை. நான் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்துக்கொண்டு கிழிக்கிறேன்.

கிழித்த துண்டுகளைக் கீழே போடாதீர்கள். என் டிபன் பாக்ஸை எடுங்கள். மோர்ச்சாதம் மிச்சம் இருக்கிறது, அதில் போட்டுப் பிசைந்துவிடலாம். சிரிக்காதீர்கள், எனக்கும் சிரிப்பு வந்தால் கோணலாகக் கிழித்துவிடுவேன்.

இதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வருத்தம் என்றும் வேண்டாம். இது விதி. விதியைத் தாமதமாகப் பின்பற்றுகிறேன், அவ்வளவுதான். உட்காரும் வரிசை தற்செயல் என்று இப்போதும் சொல்வேன். கொஞ்சம் தற்செயல்.

மூலை ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்பார். நான் கிழித்தேன் என்பேன். அதற்காக ஒரு வரி ஏறும் என்றால் ஏறட்டும். பொய்யில்லாத வரியாக இருக்கும். மனுவை யார் எழுதியது என்று கேட்பார். மனுவிலேயே எழுதியிருக்கிறது, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு என்பேன். தெரியாது என்று சொன்னால்தான் பொய்.

வண்டி கிளம்பிவிட்டதா? நான் கவனிக்கவேயில்லை. எவ்வளவு வேகமாகக் கிழிக்கிறீர்கள். என் பங்கில் இன்னும் ஒன்பது இருக்கிறது.

நிறுத்துங்கள், அதை ஏன் தனியே வைத்தீர்கள்? பெயர் இல்லையா? அதுவும் அந்த இன்னொன்றும் பெயரில்லாமல்தான் இருக்கும். கிழிக்க ஒன்றுமில்லைதான். இருந்தாலும் மூலையைக் கிழியுங்கள். முழுதாக இருந்தால் அந்த இரண்டு மட்டும் தனியே தெரியும். அந்தப் பிள்ளைகள் இரண்டும் எதுவும் தவறு செய்யவில்லை. கிழியுங்கள், மற்றதைப் போலவே, அதே அளவு.

ஆயிற்று. உதறிப் பாருங்கள், எது யாருடையது என்று உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கும் தெரியவில்லை. இவ்வளவு நேரம் தெரிந்திருந்தது.

இனி இவை செல்லும். விதிப்படியே செல்லும். ஒன்று, இரண்டு, அதைத் தவிர எதுவும் இல்லை. அலுவலரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைப்பேன்: இன்று மாலை நான்கு மணிக்குள் டப்பா வகுப்புக்குத் திரும்ப வேண்டும்.

கோவில்பட்டி நிறுத்தம் வந்துவிட்டது. மணி பத்து ஐம்பத்தைந்து, ஓடினால் போய்விடலாம். டிபன் பாக்ஸை நீங்களே குழாயடியில் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பி வாங்கிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கே இருக்கட்டும்.

சீட்டை டப்பாவில் போடுங்கள். எண்ணாதீர்கள், அம்மா. உதடு அசைகிறது, எண்ணுகிறீர்கள். எண்ண வேண்டியவர்கள் அங்கே வெயில் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.